ரீகர்வ், காம்பவுண்டு, மூங்கில் வில்: விமானத்துக்கு எதை எப்படிக் கட்டுவது?

போட்டிக்காக முதன்முறை விமானம் ஏறப்போகும் வில்வித்தை வீரர்களும் அவர்களுடைய பெற்றோரும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்தப் பெட்டி வாங்குவது? இருப்பதிலேயே கெட்டியான, விலை கூடிய பெட்டியை வாங்கிவிட்டால் கவலை விட்டது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சென்னையிலிருந்து உள்நாட்டுப் போட்டிக்குப் போகிறவருக்கு அந்த எண்ணம் பல நேரங்களில் பொருந்தாது. பெட்டியைத் தேடும் முன்பு, மைதானத்தில் எதை இரவல் வாங்க முடியும், எது தொலைந்தால் அன்றைய போட்டியே போய்விடும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நுனிகள் முன்னோக்கி வளைந்த, கழற்றி மாட்டக்கூடிய ரீகர்வ் வில்லை எடுத்துக்கொள்வோம். அதில் விலை கூடிய பாகங்களில் ஒன்று ரைசர், அதாவது கையால் பிடிக்கும் நடுப்பகுதி. ஆனால் ரைசர் உடைந்தாலும் வராமல் போனாலும் சக வீரர் ஒருவரிடம் உபரியாக ஒன்று இருக்க வாய்ப்புண்டு. பல நிறுவனங்களுக்குப் பொதுவான ஐஎல்எஃப் இணைப்பு முறை வந்தபிறகு ஒரு நிறுவனத்தின் லிம்பை (வில்லின் வளையும் கையை) இன்னொரு நிறுவனத்தின் ரைசரில் பொருத்த முடிகிறது. வில் ஆடாமல் நிறுத்தும் ஸ்டெபிலைசர் கம்பிகளின் மரையும் பொதுவானதே. அம்பு அப்படியல்ல. எய்பவரின் கைநீளத்துக்கு வெட்டி, இழுவிசைக்கு ஏற்ற விறைப்பில் தேர்ந்து, ஒவ்வொன்றையும் எடைபார்த்துச் சேர்த்த டஜன் அது. பக்கத்துத் தடத்தில் நிற்பவரின் அம்பு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் நமக்கு உதவாது. விரலுக்கு ஏற்ப நறுக்கிப் பழக்கிய டாப் என்ற விரல்காப்பு, முடிச்சிட்டு அளவெடுத்த நாண், சக்கரமும் கேபிளும் கொண்ட காம்பவுண்டு வில் எய்பவருக்கு நாணை விடுவிக்கும் ரிலீஸ் கருவி, இவையும் அப்படித்தான். விலைப்பட்டியலின் வரிசை வேறு, இழப்பின் வரிசை வேறு. கட்டும்போது இரண்டாவது வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வில்லும் அம்பும் கேபினுக்குள் போகாது. இந்தியாவிலும் அப்படித்தான், அமெரிக்காவிலும் அப்படித்தான். செக்-இன் பையில் மட்டுமே அனுமதி. "லிம்பை மட்டும் கையில் எடுத்துச்செல்கிறேனே, அது வெறும் பட்டைதானே" என்று சிலர் கேட்பார்கள். பாதுகாப்புச் சோதனையில் நிற்கும் அதிகாரி எடுக்கும் முடிவே அங்கே இறுதி. அவர் மறுத்தால் திரும்பிப்போய்ப் பையில் சேர்க்க நேரம் இருக்காது. உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடத்துக்கு முன்பே கவுன்ட்டரை மூடிவிடுகிறார்கள். கேபினில் போக வேண்டியவை டாப், நாண், மார்புக்கவசம், கைக்கவசம், அளவுகள் எழுதிய குறிப்பேடு. ரிலீஸை எக்ஸ்ரேயில் பார்த்தால் விரல்களில் மாட்டும் இரும்பு முட்டி என்று சந்தேகம் வரலாம். அதனால் இரண்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கையிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் வைப்பது நல்லது. ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்குப் பெட்டிதான் பாதுகாப்பு. ஆலன் சாவித் தொகுப்பு கண்டிப்பாகப் பெட்டிக்குள்.

ரீகர்வுக்கு மூன்று வழிகள்

முதலில் எடைக்கணக்கு. உள்நாட்டு டிக்கெட்டில் வழக்கமாகக் கிடைப்பது செக்-இன் 15 கிலோ, கேபின் 7 கிலோ. பல மலிவுக் கட்டண டிக்கெட்டுகளில் செக்-இன் பை ஒன்றே ஒன்றுதான். ரைசர், லிம்புகள், குறிபார்க்கும் சைட், ஸ்டெபிலைசர்கள் எல்லாம் சேர்ந்து 3 கிலோவை ஒட்டி வரும். ஒரு டஜன் கார்பன் அம்பு அரைக் கிலோவைக்கூடத் தொடாது. ஸ்டாண்டு, இலக்கைப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப், முக்காலி, கருவிப்பை, அம்பறாத்தூணி என்று சேர்த்தால் கருவிகள் மட்டும் 6 அல்லது 7 கிலோ. ஐந்து நாள் உடைக்கும் காலணிக்கும் 4 கிலோ. ஆக, பெட்டியின் வெற்று எடைக்கு மிஞ்சுவது 4 கிலோ மட்டுமே.

வில்வித்தைக்கென்றே வார்த்த, சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிகள் பல காலியாகவே 6, 7 கிலோ இருக்கின்றன. அந்தப் பெட்டியை வாங்கியவர் உடைக்கு வேறு பை எடுக்க வேண்டும், இல்லையென்றால் கவுன்ட்டரில் கூடுதல் கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் நிலைமை வேறு. ஒரு பைக்கு 23 கிலோ கொடுக்கும் டிக்கெட்டில் கெட்டிப் பெட்டி தாராளமாக அடங்கும். ஆண்டில் பலமுறை வெளிநாடு போகிறவருக்கு அது நல்ல முதலீடுதான். மாநில அணிக்காக ஆண்டில் ஓரிரு முறை பறக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது சுமை.

இரண்டாவது வழி ரீகர்வ் முதுகுப்பை. மைதானத்துக்கு அதைப்போல வசதியான பை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் அறை, பக்கத்தில் அம்புக்குழாய் மாட்டும் பட்டை என்று எல்லாம் இருக்கும். ஆனால் அது தோளில் சுமப்பதற்குத் தைத்தது. கன்வேயரில் சறுக்கி விழுவதையும், இருபது கிலோ சூட்கேஸ் ஒன்று மேலே வந்து உட்காருவதையும் தாங்குவதற்கு அல்ல. அம்புக்குழாயை வெளியே மாட்டியபடியே செக்-இன் செய்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். பட்டை எங்கோ ஒரு கொக்கியில் சிக்கினால் முதலில் கழன்று போவது அந்தக் குழாய்தான், இரவல் கிடைக்காத பொருளும் அதற்குள்தான் இருக்கிறது.

மூன்றாவது வழி சாதாரண 28 அங்குல பாலிகார்பனேட் சூட்கேஸ். ரீகர்வ் வீரர்களுக்கு, குறிப்பாக உள்நாட்டுப் பயணத்துக்கு, என் தேர்வு இதுதான். காலி எடை 4 கிலோவை ஒட்டி இருக்கும். வெளி அளவு 75, 50, 30 சென்டிமீட்டர் என்றால் கூட்டுத்தொகை 155. பெரும்பாலான விமான நிறுவனங்கள் வைக்கும் 158 சென்டிமீட்டர் வரம்புக்குள் வந்துவிடும். 25 அங்குல ரைசர் 63.5 சென்டிமீட்டர், நேராகவே படுக்கும். நீளக் கம்பி 30 அங்குலம் என்றால் 76 சென்டிமீட்டர். நேராக வைக்க முடியாது. ஆனால் உட்புறம் 70க்கு 45 இருந்தால் மூலைவிட்டம் 83 சென்டிமீட்டர். கம்பியையும் அம்புக்குழாயையும் மூலைக்கு மூலை சாய்த்து வைத்தால் அடங்கிவிடும். வாங்கும் முன்பு கடைக்கே குழாயை எடுத்துச்சென்று உள்ளே வைத்துப் பாருங்கள். லேபிளில் போட்டிருப்பது சக்கரத்தோடு சேர்ந்த வெளி அளவு.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அது யாருக்கும் வில் பெட்டியாகத் தெரியாது. நீளமான கறுப்புப் பெட்டி துப்பாக்கிப் பெட்டியைப்போல் இருப்பதால் விசாரிப்பும் திறப்பும் அதிகம், விலையுயர்ந்த பொருள் உள்ளே இருக்கிறது என்ற அறிவிப்பும் அதுவே. ஊதா நிறச் சூட்கேஸ் அந்தப் பார்வைகளையெல்லாம் ஈர்க்காமல் போய்ச் சேர்ந்துவிடும்.

சூட்கேஸின் பலவீனம், அதற்குள் நுரை அறைகள் இல்லை என்பது. அந்த வேலையை உடைகள் செய்ய வேண்டும். அடியில் துண்டு, அதன்மேல் உறையிட்ட ரைசர், பக்கங்களில் சுருட்டிய டி-சர்ட்டுகள். லிம்புகள் இரண்டும் தனித்தனி உறையில், அவற்றின்மேல் கனமான எதுவும் அழுத்தாதபடி ஜீன்ஸுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில். லிம்பை முறுக்கும் அழுத்தம்தான் ஆபத்து. ஓரத்தில் விழும் அடி உள்ளே கார்பன் அடுக்குகளைப் பிரித்துவிடும், வெளியே மயிரிழைக் கோடு மட்டும் தெரியும். சைட்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். அம்பின் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும் பிளஞ்சரை முழுதாகக் கழற்றிவிடலாம், பூட்டுத் திருகைத் தொடக் கூடாது. ரைசரில் ஒட்டிய அம்புத்தாங்கியின் கம்பி ஒரு சாக்ஸ் சிக்கினாலே வளைந்துவிடும். மருந்து பாட்டில் மூடி ஒன்றை அதன்மேல் கவிழ்த்து மாஸ்கிங் டேப் ஒட்டினால் போதும். ஸ்டெபிலைசர் எடைகளைக் கழற்றி ஒரு காலணிக்குள் திணித்துவிடுங்கள். மூடியபிறகு சூட்கேஸை நிமிர்த்தி இருபுறமும் குலுக்கிப் பாருங்கள். உலோகம் உலோகத்தில் படும் சத்தம் ஒன்று கேட்டாலும் திறந்து மறுபடி கட்ட வேண்டும்.

அம்புக்குழாயைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குழாய் செங்குத்தாக விழும்போது பன்னிரண்டு முனைகளும் ஒன்றாக மூடியில் இடிக்கின்றன. எஃகு அல்லது டங்ஸ்டன் முனைகள் மெல்லிய பிளாஸ்டிக் மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மூடிக்குள் இரண்டு விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்சு வைத்து, முனைகளை அதில் குத்தி நிறுத்துங்கள். அம்பின் வாலில் சுருள் வேன் (மெல்லிய பிளாஸ்டிக் இறகு) ஒட்டியவர்கள் அம்புகளை ஒன்றோடொன்று உரசாமல் பிரித்து நிறுத்தும் வட்டுள்ள குழாயை வாங்குவது நல்லது. அம்புகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கட்டைப் பயணம் முடிந்து அவிழ்த்தால் வேன்களின் சுருள் நசுங்கித் தட்டையாகக் கிடக்கும், ஒன்றிரண்டு டேப்போடு உரிந்து பக்கத்து அம்பில் ஒட்டியிருக்கும். போட்டிக்கு முந்தைய இரவு விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து முப்பத்தாறு வேன்களை ஒட்டுவது யாருக்கும் வேண்டாத வேலை.

முடிந்தால் அம்புகளை ஆறாறாகப் பிரித்துவிடுங்கள். வெளிமைதானத் தகுதிச் சுற்றில் 72 அம்புகளையும் ஆறாறாகத்தான் எய்கிறோம். ஆறு அம்பு கையில் இருந்தால் சுற்றை முடித்துவிடலாம். இரண்டு பை அனுமதி இருந்தால் இரண்டிலும் ஆறாறு வைக்கலாம். ஒரே பைதான் என்றால் ஒரே அணியில் பயணிக்கும் சக வீரரோடு மாற்றி வைக்கலாம். ஆனால் இருவரும் உடன் உட்கார்ந்து, கண்ணால் பார்த்துக் கட்ட வேண்டும். பையில் இருப்பது எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் பைக்கு உரியவரே.

காம்பவுண்டுக்குக் கெட்டிப் பெட்டிதான்

ரீகர்வுக்குச் சொன்ன சிக்கனத்தைக் காம்பவுண்டுக்கு நான் சொல்லமாட்டேன். காரணம் வில்லின் அமைப்பிலேயே இருக்கிறது. ரீகர்வைக் கழற்றிவிட்டால் அதில் விசை எதுவும் இல்லை. காம்பவுண்டோ நாணும் கேபிள்களும் எப்போதும் இழுவிசையில் இருக்கும்படி பயணிக்கிறது. லிம்புகளை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் கருவி இல்லாமல் அதைக் கழற்ற முடியாது, கழற்றினால் மறுபடி சுருதி சேர்க்க ஒரு நாள் போய்விடும். லிம்பின் முனையில் இருக்கும் கேம் என்ற சக்கரத்தில் விழும் சின்ன அடி அதை வளைத்துவிட்டால், அடுத்தமுறை இழுக்கும்போது நாண் தடம் விட்டு வெளியேறலாம். அது வில்லுக்கு மட்டுமல்ல, இழுப்பவரின் முகத்துக்கும் ஆபத்து.

அதனால் மென்பை செக்-இன்னுக்கு வேண்டவே வேண்டாம். கெட்டிப் பெட்டி, உள்ளே வெட்டிய நுரை, கேம்கள் இரண்டும் சுவரைத் தொடாத இடைவெளி, இவை கட்டாயம். சிக்கல் அளவில் வருகிறது. போட்டிக்கான காம்பவுண்டு வில்கள் அச்சுக்கு அச்சு 37 முதல் 40 அங்குலம் வரை இருக்கின்றன. கேம்களையும் சேர்த்தால் பெட்டியின் வெளி நீளம் 110 சென்டிமீட்டரை எட்டிவிடும். அகலம் 40, தடிமன் 18 என்று கூட்டினால் 168. வரம்பு 158. டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் விளையாட்டுக் கருவி என்று சொல்லி, அளவையும் எடையையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் போகும் ஏடிஆர் ரகச் சிறிய விமானங்களில் சரக்கு இடமும் சிறியது, பெரிய பெட்டி அடுத்த விமானத்துக்குத் தள்ளப்படலாம். திரும்பும்போது அது நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம், போட்டிக்குப் போகும்போது முடியாது.

எடையில் வில் 4 கிலோ, பெட்டி 7, அம்பும் சைட்டும் மற்றதும் 2 என்றால் 13 ஆகிறது. உடை எல்லாம் கேபின் பைக்குப் போக வேண்டியதுதான். கட்டும் முன்பு சைட்டையும் ஸ்டெபிலைசர்களையும் கழற்றுங்கள். அம்புத்தாங்கியின் மெல்லிய எஃகுத் தகட்டையும் கழற்றித் தட்டையான டப்பாவில் வையுங்கள், உபரியாக ஒன்றும் இருக்கட்டும். இரண்டு கேம்களின் நிலையையும், கேபிள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதையும் நெருக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிபார்க்கும் துளையான பீப்பின் உயரத்தை நாணில் பேனாவால் குறித்துவிடுங்கள். போய் இறங்கியபின் அந்தக் குறிகளோடு ஒப்பிட்ட பிறகே முதல் இழுப்பு. காம்பவுண்டு கலப்பு அணிப் போட்டி 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்திருக்கிறது. இனி இந்தப் பெட்டிகளோடு பறப்பவர்கள் நம் ஊரிலும் கூடுவார்கள்.

மூங்கில் வில்லும் ரயிலும்

இந்தியன் ரவுண்டு வீரர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 50, 30 மீட்டரில் மூங்கில் வில்லோடு எய்யும் இந்தப் பிரிவில்தான் நம் கிராமத்துப் பிள்ளைகள் பலர் தொடங்குகிறார்கள். அந்த வில் ஒரே துண்டு, எந்தச் சூட்கேஸிலும் அடங்காது. இதற்குக் கைக்கு எட்டிய வழி பிளம்பிங் கடையில் கிடைக்கும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய். வில்லைவிட ஒரு சாண் நீளமாக வெட்டி, ஒரு மூடியை ஒட்டி, மறு மூடியைத் திருகால் பிணைத்தால் 2 கிலோவைச் சுற்றிய எடையில் எந்த வார்த்த பெட்டிக்கும் குறையாத உறுதி கிடைக்கும். நாணை அவிழ்த்து, வில்லைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பாலித்தீன் சுற்றினால் உள்ளே ஈரம் தங்கும். உருண்டையான குழாய் கன்வேயரில் உருண்டு விலகும் என்பதால் இரண்டு இடத்தில் மரத்துண்டு வைத்துக் கட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள்.

ஆனால் 170 சென்டிமீட்டர் குழாய் என்றால் கூட்டு அளவு 192. அளவு மீறிய பைகளுக்கான கட்டணமும் காத்திருப்பும் உண்டு. நேரம் இருந்தால் மூங்கில் வில்லுக்கு ரயிலே மேல் என்று தயங்காமல் சொல்வேன். பெர்த்தின் உட்புறத்தில் சுவரோடு படுக்கவைத்து, தலைமாட்டில் கையை வைத்துக்கொண்டு தூங்கலாம். ஜாம்ஷெட்பூர் போன்ற வில்வித்தை ஊர்களுக்கு விமானத்தில் போனாலும் பெரும்பாலும் ராஞ்சியில் இறங்கிச் சுமார் 130 கிலோமீட்டர் சாலையில் போக வேண்டியிருக்கிறது. ரயிலில் ஊரின் டாடாநகர் நிலையத்திலேயே இறங்கிவிடலாம். ஒரு நாளுக்கு மேல் ஆகும் பயணம்தான், ஆனால் வில் நம் கண்ணை விட்டு அகலாது.

கூரியர் என்ற யோசனையும் வரும். முன்கூட்டியே அனுப்பிவிட்டுக் கைவீசிப் போகலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஸ்டாண்டு, முக்காலி, உபரிக் கருவிகளுக்குச் சரி. அம்பும் வில்லும் கூடாது. அனுப்பிய நாள் முதல் பயிற்சி நின்றுபோகிறது, பெட்டி எங்கோ கிடங்கில் நின்றால் தேடிப் போகவும் முடியாது.

எரிபொருள், பசை, பணம்

அம்புமுனையைச் சூடாக்கும் சின்ன கேஸ் டார்ச்சும் அதன் பியூட்டேன் குப்பியும் எந்தப் பையிலும் போகக்கூடாது. அசிட்டோனும் அப்படியே. போகும் ஊரில் மெழுகுவத்தி கிடைக்கும், பசை கிடைக்கும். பவர் பேங்க் கேபினில் மட்டும். வெயிலையும் மறக்காதீர்கள்: விமானத்தின் சரக்கு அறையைவிட மே மாதச் சென்னையின் ஓடுதளமும் பூட்டிய காரும்தான் பெரிய பகை. சூட்டுப்பசையால் ஒட்டிய முனைகள் அங்கேதான் தளரும்.

பணக்கணக்கு பலருக்கும் தெரியாதது. உள்நாட்டுப் பயணத்தில் பை தொலைந்தாலோ சேதமானாலோ விமான நிறுவனத்தின் பொறுப்பு பயணிக்கு 20,000 ரூபாய் என்ற வரம்போடு நிற்கிறது. உயர்தர ரீகர்வ் அமைப்பின் லிம்புக்கே அது போதாது. பன்னாட்டுப் பயணத்தில் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, 2024 டிசம்பர் 28 முதல் வரம்பு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 டாலர். அதற்கு மேல் ஈடு வேண்டுமென்றால் செக்-இன்னின்போதே மதிப்பை அறிவித்துக் கட்டணம் செலுத்த வேண்டும், அல்லது கருவிகளுக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். பெட்டிக்கு நாற்பதாயிரம் செலவழிக்கத் தயாராக இருப்பவர் அதில் ஒரு பகுதியைக் காப்பீட்டுக்கு ஒதுக்கினால் நல்லது. வெளிநாடு போகிறவர்கள் புறப்படும்போதே சுங்க மேசையில் கருவிகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். வரிசை எண்கள் அதில் இருக்கட்டும். திரும்பி வரும்போது "இது அங்கே வாங்கியதா?" என்ற கேள்விக்கு அந்தத் தாளே பதில்.

விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். போட்டி அழைப்புக் கடிதத்தின் நகல் ஒன்று கையில், ஒன்று பெட்டிக்குள். கவுன்ட்டரிலேயே வில்வித்தைக் கருவி என்று சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் நம்மை அழைத்துத் திறக்கச் சொல்வார்கள், அதனால் பெட்டி போனதும் நேரே கேபின் சோதனைக்கு ஓடாமல் கொஞ்சம் நில்லுங்கள். அமெரிக்காவில் நாம் இல்லாமலேயே திறப்பார்கள். அங்கே போகிறவர்கள் அதிகாரிகள் தங்கள் சாவியால் திறக்கக்கூடிய டிஎஸ்ஏ பூட்டுப் போட்டு, அடுக்கிய நிலையில் எடுத்த படத்தை மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தால், திறந்தவர் அதே வரிசையில் மூட வழி கிடைக்கும்.

இறங்கியதும் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். உடைந்திருந்தால் வெளியே வரும் முன்பே விமான நிறுவனத்தின் மேசையில் புகாரைப் பதிந்து நகல் வாங்குங்கள். பன்னாட்டுப் பயணத்தில் சேதத்துக்கு எழுத்துப் புகார் கொடுக்கப் பையைப் பெற்றதிலிருந்து 7 நாள் அவகாசம், தாமதமாக வந்த பைக்கு 21 நாள். விடுதிக்குப் போனதும் ஒவ்வொரு கார்பன் அம்பையும் காதருகே பிடித்து மெல்ல வளைத்து, கால்வட்டம் திருப்பி மறுபடி வளையுங்கள். மெல்லிய நொறுங்கல் ஓசை வந்தால் அந்த அம்பைத் தனியே எடுத்துவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் எய்யும்போது சிதறி முன்கையில் ஏறும். அதன்பிறகு லிம்பின் ஓரங்களை விரல்நகத்தால் தடவிப் பார்த்து, வில்லைப் பூட்டி, நாண் உயரத்தைக் குறிப்பேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.